ட்ரோன் இருக்குற காலத்துல பழைய வான்படங்கள எதுக்குப் போய்ப் பாக்கணும்?

ஆகஸ்ட் 16, ஒரு வாசகர் கேட்டது

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஹால்ல ஆதிகால வான்படக் கண்காட்சி போட்டுருக்காங்கன்னு பையனக் கூட்டிட்டுப் போனேன். பூராம் கருப்பு வெள்ளை, பாதிக்கு மேல மங்கல். ஒரு படத்துல புறா றெக்கை ரெண்டு பக்கமும் மறைச்சுக்கிட்டு நிக்குது, அதையும் ஃப்ரேம் போட்டு மாட்டிருக்காங்க. என் போன்ல சேட்டிலைட் மேப்பத் தொறந்தா எங்க வீட்டு மொட்டமாடி தண்ணித்தொட்டி கூடத் தெரியுது. இதுக்கு எதுக்குங்க பஸ் ஏறிப் போகணும்? போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஆகஸ்ட் 16, ராத்திரி

நான் போயிருந்தேன், சொல்றேன்.

மொதல்ல என் சோலி என்னன்னு சொல்லிர்றேன். கல்யாணம், காதுகுத்து, வீடு பால் காய்ச்சுறது எல்லாத்துக்கும் வீடியோ எடுக்குறவன், கூட ட்ரோனும் உண்டு. நம்ம பக்கம் இன்னும் ஹெலிகேம்னுதான் பேரு, "தம்பி ஹெலிகேம் இருக்குல்ல" ன்னு கேட்டுட்டுத்தான் அட்வான்ஸே எடுத்து வைப்பாங்க. அதனால மேல இருந்து எடுக்குறது எனக்கு அதிசயம் இல்ல, சலிச்சுப் போன வேல. பொண்ணு மாப்பிள்ளய புல்லுல படுக்கப் போடு, ட்ரோனச் சுத்திக்கிட்டே மேல தூக்கு, பாட்டப் போடு, முடிஞ்சுச்சு.

நீங்க சொன்ன மங்கல் நெசந்தான். எல்லாமே காப்பி பிரின்ட்டு, ஒரிஜினல் ஒண்ணு கூடக் கிடையாது. லைட்டிங் அத விட மோசம், ட்யூப்லைட் கண்ணாடில அடிச்சு பாதிப் படத்துல எம்மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு.

ஆனா ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. 2021ல வந்த ட்ரோன் விதிப்படி பச்சை மண்டலத்துல, அதாவது தனியா அனுமதி கேக்க வேண்டாத பகுதில, நான் 400 அடி வரைக்கும் பறக்கலாம். ஏர்போர்ட்டச் சுத்தி 8 கிலோமீட்டருக்குள்ள அனுமதி இல்லாம தரையில இருந்தே தூக்கக் கூடாது, 8ல இருந்து 12 வரைக்கும் 200 அடிதான், அவனியாபுரம் பக்கம் ஆர்டர் வந்தா ட்ரோன் கிடையாதுன்னு மொதல்லயே சொல்லிருவேன். இப்ப அந்த ஹால்ல இடது பக்கச் செவுத்துல ஒரு பாஸ்டன் படம் இருக்குல்ல, அது 1860 அக்டோபர் 13, எடுத்தவரு ஜேம்ஸ் வாலஸ் பிளாக், பலூன் நின்ன உயரம் 1200 அடி. எனக்கு சர்க்கார் குடுத்துருக்குற உயரத்துக்கு மூணு மடங்கு. நாலு படம் தள்ளி சான் ஃபிரான்சிஸ்கோ, 1906, ஜார்ஜ் லாரன்ஸ், பட்டம் விட்டு 2000 அடியில எடுத்தது, அது அஞ்சு மடங்கு. கையில ரிமோட் வச்சுக்கிட்டு அந்தப் படத்து முன்னாடி நின்னா என்ன தோணும்னு நினைக்கிறீங்க. எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 17

"உலகத்துலயே முதல் வான்படம்னு ஒண்ணு போட்டுருந்தாங்களே அது எது" ன்னு ஒருத்தர் கேட்டுருக்காரு. அது வாசல்லயே இருக்குற பாரிஸ் படம், வளைவு ஒண்ணு நடுவுல நின்னு எட்டுத் திசைக்கும் தெரு ஓடுமே, அதான். கீழ "நாடார், 1858, உலகின் முதல் வான்படம்" ன்னு அடிச்சு ஒட்டிருக்காங்க. எனக்குப் பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் பேரப் படிச்சுட்டு "நம்ம விருதுநகர்க்காரரா தம்பி" ன்னு கேட்டாரு, கிண்டலா நெசமாவான்னு தெரியல, நானும் சிரிச்சு வச்சேன். ஆளு பிரெஞ்சுக்காரரு, சொந்தப் பேரு காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னாஷோன், நாடார்ங்கிறது புனைபேரு.

ஆனா அந்த அட்டை தப்பு. 1858ல அவரு பலூன்ல போய்ப் படம் எடுத்தது உண்மை, ஆனா அது பாரிஸ் ஊருக்குள்ள கிடையாது, வெளிய பெட்டி பிசேத்ருன்னு ஒரு சின்ன ஊரு. அந்தப் படம் இப்ப இல்ல, காணாமப் போயிருச்சு. மாட்டிருக்குறது அவரே 10 வருசம் கழிச்சு 1868ல எடுத்தது. இன்னைக்கு நம்ம கண்ணுக்குக் கிடைக்கிற படத்துலயே ரொம்பப் பழசு எதுன்னா அந்தப் பாஸ்டன் படந்தான், அத ஓரமா ஸ்விட்ச் போர்டு பக்கத்துல மாட்டி வச்சிருக்காங்க. அங்க உக்காந்திருந்த பொண்ணுகிட்டச் சொன்னேன், நோட்டுல எழுதிக்கிச்சு.

ஆகஸ்ட் 17, பெறகு

நாடார் பத்தி இன்னும் கொஞ்சம், ஏன்னா அவரு பட்ட பாடு எனக்கு வேற மாதிரி புரிஞ்சுச்சு.

எங்கப்பா கீழமாசி வீதிப் பக்கம் ஸ்டுடியோ வச்சிருந்தாரு. டார்க்ரூம்னா ஆறுக்கு நாலு ரூம்பு, செவப்பு பல்பு, ஹைப்போ வாடை, மே மாசம் உள்ள போனா வேட்டி ஒட்டிக்கும். டெவலப்பர் சூடாயிரக் கூடாதுன்னு ட்ரேக்கு அடியில ஐஸ் கட்டி வைப்பாரு. கதவ யாராச்சும் தெரியாமத் தொறந்துட்டா அன்னைக்கு வீட்டுல சோறு இறங்காது, அப்பிடித் திட்டு விழும். அதெல்லாம் தரையில, நிலையா நிக்கிற ரூம்புல.

இவரு அந்த டார்க்ரூமத் தூக்கி பலூன் கூடைக்குள்ள வச்சிருக்காரு. அப்பல்லாம் ஈரத்தட்டு முறை: கண்ணாடித் தட்டுல கொல்லோடியன்ங்கிற பிசினு மாதிரி மருந்த ஊத்தி, சில்வர் நைட்ரேட்டுல முக்கி, காயுறதுக்குள்ள கேமராவுல போட்டு எடுத்து, காயுறதுக்குள்ள கழுவவும் செய்யணும். மொத்தமா ஒரு பத்துப் பதினஞ்சு நிமிசம். காஞ்சா போச்சு. அத ஆடுற கூடையில, துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு.

இவ்ளோ செஞ்சும் தட்டு ஒவ்வொண்ணும் கருப்பாவே வந்துருக்கு. மருந்து மாத்துறாரு, தட்டு மாத்துறாரு, திரும்பத் திரும்பக் கருப்பு. காரணம் மருந்துல இல்ல. பலூன் மேல போகப் போக உள்ள இருக்குற கேஸ் விரியும், அதுக்காக அடிவாய் தொறந்தே இருக்கும், அது வழியா கேஸ் கசிஞ்சு நேரா கூடை மேலதான் இறங்குது. நிலக்கரி கேஸ்ல கந்தகம் கலந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், தட்டுல இருக்குறது வெள்ளி. நம்ம வீட்டு வெள்ளிக் கொலுசு வருசம் போனா கருக்குதுல்ல, அதே வேலைதான், இங்க நிமிசத்துல நடந்துருக்கு. ஒரு நாள் அந்த வாய அடைச்சுட்டு மேல போனப்பத்தான் மொத உருவம் தெரிஞ்சுச்சு. உயரம் 80 மீட்டர் சொச்சம், அதாவது நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 170 அடின்னா அதுல ஒண்ணரைக் கோபுரம்.

கண்காட்சில இந்தக் கதைல ஒரு வரி கூடக் கிடையாது. படத்தையும் வருசத்தையும் மட்டும் ஒட்டுனா பாக்குறவன் மங்கலாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போவான். அவனக் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 18

"பலூன்னா ஹைட்ரஜன்தான நெரப்புவாங்க, நிலக்கரி கேஸ் எங்க வந்துச்சு" ன்னு ஒருத்தர் கேட்டுருக்காரு. இல்லண்ணே, ஹைட்ரஜன் பலூனும் உண்டு, ஆனா ஊருக்குள்ள தெருவிளக்குக்குக் குழாய்ல வர்ற கேஸே சல்லிசாக் கிடைச்சதால நெறையப் பேரு அதத்தான் நெரப்புனாங்க. வெடிக்காதான்னா, வெடிக்கும்.

ஆகஸ்ட் 19

இன்னைக்கு உலகப் புகைப்பட தினம்ங்கிறதால நல்ல கூட்டம், ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா வந்துருந்தாங்க. பாஸ்டன் படத்து முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். படம் சின்னது, ஒரு சாண் அகலம் வரும், மூலையெல்லாம் வட்டமா வெட்டுன மாதிரி. கூரை கூரையா, புகைபோக்கியா, நடுவுல தெரு வளைஞ்சு வளைஞ்சு போகும், சர்ச் கோபுரம் ஒண்ணு ஊசி மாதிரி நிக்கும். பலூன் பேரு குயின் ஆஃப் தி ஏர், ஓட்டுனவரு சாமுவேல் கிங். எட்டுத் தட்டு எடுத்ததுல ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு. "கழுகும் காட்டு வாத்தும் பாக்குற பாஸ்டன்" ங்கிற மாதிரி ஒரு பேர ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்னு ஒரு எழுத்தாளர் வச்சாரு.

எனக்கு அந்த ஒண்ணு தேறுனதுல ஒரு சங்கடம். 1872ல பாஸ்டன்ல பெரிய தீ விபத்து, இந்தப் படத்துல இருக்குற வீடு கடை பெரும்பாலும் அதுலதான் எரிஞ்சுச்சு. அந்த ஊசிக் கோபுரம் சர்ச்சு தப்பிச்சுச்சு, இன்னைக்கும் இருக்கு. 12 வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் மேல ஏறி ஒரு தட்டு நல்லா வந்ததால அந்தத் தெரு இருந்த விதம் மிச்சம். மீதி ஏழு தட்டுல இன்னும் எது எது இருந்துச்சோ.

2018 பிப்ரவரி 2ல நம்ம கோயில்ல வீர வசந்தராயர் மண்டபம் எரிஞ்சப்போ நான் யோசிச்சது இதத்தான். அந்தக் கடைங்க பூராம் சின்ன வயசுல இருந்து பாத்தது, வளையல் வாங்கிருக்கோம், ஆனா எங்கிட்ட அந்த மண்டபத்துல எடுத்த உருப்படியான போட்டோ ஒண்ணு கூட இல்ல, போட்டோக்காரன் வீடு வேற. அதுக்கப்புறம் செல்போனையே உள்ள விடல.

ஆகஸ்ட் 20

மேல ஒரு தம்பி, "பட்டத்துல கேமராவ எப்பிடிண்ணே கட்டுவாங்க, விழுந்துராதா" ன்னு. விழுந்துருக்கு, ஆளே விழுந்துருக்காரு.

இந்த லாரன்ஸ் மொதல்ல பலூன்ல போய்த்தான் எடுத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு தடவ சிகாகோவுல கூடை கழண்டு 200 அடிக்கு மேல இருந்து கீழ வந்துட்டாரு, நடுவுல டெலிபோன் கம்பில சிக்குனதால பொழைச்சாரு. அதுக்கப்புறந்தான் ஞானம் வந்து, நான் எதுக்கு மேல போகணும், கேமரா போகட்டும்னு பட்டத்துக்கு மாறுனாரு. நம்ம ட்ரோன் யாவாரத்துக்கே அவருதான் குலசாமின்னு சொல்லலாம்.

கேமரா எடை 22 கிலோ. சின்ன நெல்லு மூட கணக்கு. ஒரு பட்டம் தூக்காது, ஒரே கயித்துல வரிசையா 17 பட்டம். கேமரா ஆடாம இருக்க மூங்கி மாதிரி நீட்டக் கை வச்சு அடியில எடை தொங்க விட்டுருக்காரு. கயித்தோடயே ஒரு கம்பி, அதுல கரன்ட்டு விட்டா ஷட்டர் அடிக்கும், படம் எடுத்தாச்சுன்னு தெரியுறதுக்கு மேல இருந்து குட்டியா ஒரு பாராசூட்டு கழண்டு விழும். அதக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், 2000 அடிக்கு.

1906 ஏப்ரல்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல பூகம்பம், பின்னாடியே தீ. சில வாரத்துல இவரு போய் எடுத்துட்டாரு. நெகட்டிவே நாலடி நீளம், பெருசு பண்ணாம அப்பிடியே பிரின்ட் போட்டது. ஹால்ல இருக்குறதுலயே இந்த ஒண்ணத்தான் ஓரளவு அதோட அளவுக்குப் போட்டுருக்காங்க, அதுக்கு மட்டும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கும்புடு. எதிர்க்க சூரியன் இறங்குது, முன்னாடி துறைமுகம், நேரா ஒரு அகல ரோடு ஊரப் பொளந்துக்கிட்டுப் போகுது, ரெண்டு பக்கமும் கட்டடமா எலும்பான்னு தெரியாம செவுரு மட்டும் நிக்குது. கிட்டப் போய் மூக்கு கண்ணாடில இடிக்கப் பாத்தா தெருவுல வண்டி தெரியும். ஒரு பிரின்ட் 125 டாலர்னு வித்து, மொத்தம் 15,000 டாலர் சம்பாதிச்சாரு. அழிஞ்ச ஊர வித்துக் காசு பாத்துட்டான்னு சொல்றவங்க சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன், எழவு வீட்டுக்கும் வீடியோ எடுக்கப் போறவன் நான்.

இவருக்கு முன்னாடியே 1888ல பிரான்ஸ்ல ஆர்தர் பத்யூன்னு ஒருத்தர் பட்டத்துல எடுத்தாச்சு. அவருக்குக் கரன்ட்டு கம்பியெல்லாம் கிடையாது, ஒரு திரிய பத்த வச்சு விட்டுருவாரு, அது மெதுவா எரிஞ்சு நூல அறுக்கும், ஷட்டர் விழும். ஊதுபத்தி வச்சு அணுகுண்டு வெடி பத்த வைக்கிற நம்ம பயலுகளுக்கு இது உடனே புரியும்.

தம்பி, ஆடிக் காத்துல இதச் செஞ்சு பாக்குறேன்னு போன கட்டி விட்டுறாத. முக்கியமா மாஞ்சா பக்கமே போகாத, கழுத்தறுத்துருக்கு.

ஆகஸ்ட் 21

ஈரத்தட்ட எப்பிடிப் பட்டத்துல அனுப்புனாங்கன்னு நல்ல கேள்வி. அனுப்பல, அனுப்பவும் முடியாது. 1871ல ரிச்சர்ட் மேடக்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் ஜெலட்டின் பூசுன உலர்தட்டு முறையக் கண்டுபிடிச்சாரு. அதுக்கப்புறந்தான் எடுக்குறது ஒரு நேரம், கழுவுறது ஒரு நேரம்னு பிரிஞ்சுச்சு. பட்டம், புறா, ராக்கெட்டு எல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுதான். கண்காட்சில இந்தத் தட்டு ஒண்ணையாச்சும் வச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 22

இப்ப புறா. நீங்க கிண்டல் பண்ணீங்கள்ல, அந்த றெக்கை படம். கண்காட்சிலயே எனக்கு அதான் உசத்தி, ஏன்னு சொல்றேன்.

ஜூலியஸ் நாய்பிரானர், ஜெர்மனில க்ரோன்பெர்க்னு ஒரு ஊர்ல மருந்துக்கடைக்காரரு. பக்கத்து ஊரு ஆஸ்பத்திரில இருந்து மருந்துச்சீட்டு வாங்க, அவசர மருந்து அனுப்ப புறாதான் வச்சிருந்தாரு. ஒரு நாள் ஒரு புறா பனில வழி மாறிப் போயி, நாலு வாரம் கழிச்சு கொழுகொழுன்னு திரும்பி வந்துருக்கு. எவன் வீட்டுல தின்னுட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. அதுக்குக் கேமரா செஞ்சாரு. 30ல இருந்து 75 கிராம் வரைக்கும் பல சைஸ்ல, நெஞ்சுல தோல் வார் போட்டு மாட்டுற மாதிரி. உள்ள காத்த அடைச்சு விடுறது, அது மெதுவாக் கசிஞ்சு முடியுற நேரத்துக்கு ஷட்டர் தானா அடிக்கும்.

1907ல பேட்டன்ட்டு கேட்டா, புறாவாச்சும் கேமராவாச்சும்னு ஜெர்மன் ஆபீஸ்ல முடியாதுன்னுட்டாங்க. படத்தையே கொண்டு போய் அத்தாட்சியோட காட்டுன பெறகுதான் 1908 டிசம்பர்ல குடுத்தாங்க. 1909ல டிரெஸ்டன் கண்காட்சில புறா வந்து இறங்க இறங்க படத்தக் கழுவி போஸ்ட்கார்டாப் போட்டு வித்துருக்காரு. கூட்டம் அள்ளிருக்கும்ல.

என் சித்தப்பா செல்லூர்ல புறா வளக்குறவரு. கர்ணப்புறா, எங்க கொண்டு போய் விட்டாலும் கூடு தேடி வர்ற ஹோமர் ரெண்டும் உண்டு, மொட்டமாடி பூராம் கூண்டு, கம்பும் பாசிப்பயறுமா இறைஞ்சு கிடக்கும். என் ட்ரோனப் பாத்தா அவருக்கு ஆகாது. சுத்துறப்ப அந்தச் சத்தத்துக்குப் புறா இறங்காம மிரண்டுபோகுதுன்னு எங்கிட்ட பல தடவ சண்டை. அவருகிட்ட இந்தக் கதையச் சொன்னேன். மொதல்ல நம்பல. "ஹோமர் ஒண்ணு நானூறு, நானூத்தம்பது கிராம் இருக்கும், அதுமேல 75 கிராம கட்டுனா மேல சுத்தாதுடா, பாரம் தாங்காம நேரா கூட்டுக்குத்தான் ஓடியாரும்" ன்னாரு. அதான் விசயமே. நாய்பிரானரும் அதத்தான் நம்புனாரு, பாரத்தோட விட்டா புறா வேடிக்கை பாக்காது, நேர்வழில வீட்டுக்கு வரும், அப்ப எந்த நிமிசம் எந்த இடத்துக்கு மேல இருக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போடலாம். அந்தப் புத்தகமெல்லாம் படிக்காமயே செல்லூர் மாடில உக்காந்துக்கிட்டு எங்க சித்தப்பா சொல்லிட்டாரு.

சரி, ஏன் உசத்தின்னா. நாடாரும் பிளாக்கும் மேல நின்னு கண்ணால பாத்துத்தான் எடுத்தாங்க. லாரன்ஸ் கீழ நின்னாலும் எந்தப் பக்கம் திருப்பணும்னு முடிவு பண்ணது அவருதான். புறா படத்துல யாருமே முடிவு பண்ணல. எது ஃப்ரேமுக்குள்ள வரணும்னு எந்த மனுசனும் தேர்ந்தெடுக்காத படம் அது, அரண்மனை சாஞ்சு கிடக்குது, ரெண்டு ஓரத்துலயும் றெக்கை. இன்னைக்கு நான் ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டே, பொண்ணோட அத்தை பின்னாடி நின்னு "இன்னும் கொஞ்சம் மேல தம்பி" ன்னு சொல்லச் சொல்ல எடுக்குறேன். அந்த றெக்கை எம்படத்துல வரவே வராது.

ஆகஸ்ட் 23

"ரொம்ப ஓவரா பில்டப் குடுக்குறீங்க, சிசிடிவி கூடத்தான் யாரும் முடிவு பண்ணாம எடுக்குது" ன்னு ஒருத்தர். யோசிச்சேன். சிசிடிவிய எங்க மாட்டணும்னு ஒரு ஆளு ஏணி போட்டு முடிவு பண்ணுறான்ல. ஆனாலும் நீங்க சொல்றதுல கொஞ்சம் இருக்கு, புறாவ எங்க கொண்டு போய் விடணும்னு முடிவு பண்ணதும் நாய்பிரானர்தான. விடுங்க, றெக்கைக்காக நான் சண்டை போடுவேன், மத்ததுக்கு இல்ல.

ஆகஸ்ட் 25

மதுரைப் படம் ஒண்ணு கூட இல்லையேன்னு மூணு நாலு பேரு வருத்தப்பட்டுருக்கீங்க. எனக்கும் அந்தக் குறை உண்டு. இந்தியாவுக்குன்னு இருக்குறது எவரெஸ்ட் மட்டும், 1933 ஏப்ரல் 3ல பீகார் பூர்ணியால இருந்து ரெண்டு விமானம் கிளம்பி மொத மொத எவரெஸ்ட் மேல பறந்தது. அதுல படம் புடிச்ச பானெட்ங்கிறவரு ஆக்சிஜன் குழாய் உடைஞ்சு மயங்கியே விழுந்துட்டாரு. அவ்ளோ பாடுபட்டும் கீழ தூசியும் புகையுமா இருந்ததால சர்வேக்கு எடுத்த படம் சரியா வரல, 19ந்தேதி மறுபடி போனாங்க.

ஆனா ஒரு விசயம் கண்காட்சிக்காரங்க கோட்ட விட்டுட்டாங்க. நாடார் பலூன்ல போராடிக்கிட்டு இருந்த அதே 1858ல நம்ம ஊர்ல ஒருத்தர் கேமராவோட சுத்திக்கிட்டு இருந்தாரு. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் மாகாண அரசாங்கத்துப் புகைப்படக்காரரு. கண்ணாடித் தட்டு இல்ல, மெழுகு பூசுன பெரிய பேப்பர் நெகட்டிவ், நம்ம வெயிலுக்கு அதான் தாங்கும். கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் எடுத்துருக்காரு. ஷட்டர் நேரம் அதிகம்கிறதால நடமாடுன ஆளு யாரும் பதியல, மகால் தூணுங்க மட்டும் ஆளில்லாம நிக்கும். இந்த ரெண்டு 1858ஐயும் பக்கத்துல பக்கத்துல மாட்டிருந்தா, அங்கிட்டு ஒருத்தன் வானத்துல, இங்கிட்டு ஒருத்தன் மாசி வீதில, கண்காட்சியே வேற லெவலுக்குப் போயிருக்கும்.

அப்ப மட்டும் மதுரைய மேல இருந்து ஒருத்தன் எடுத்துருந்தான்னா! ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு சதுரத்துக்குள்ள சதுரமா போகுற இந்த ஊரவிட பலூன்காரனுக்கு ஏத்த ஊரு எது இருக்கு. கோட்டைச் செவுரு 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துலயே இடிச்சாச்சு, அகழியத் தூத்து வெளி வீதி போட்டாச்சு, விளக்குத்தூண் அவரு நினைவா வச்சதுதான். புது வீதி, காலி மனை, இடிபாடு எல்லாம் 1858ல அப்பிடியே தெரிஞ்சிருக்கும்.

இப்ப மேல இருந்து பாக்கணும்னா மேலப் பெருமாள் மேஸ்திரி வீதில ஏதாச்சும் லாட்ஜ் மொட்டமாடிக்குப் போங்க, ஒரு காபிக்குக் கோபுரம் நாலும் தெரியும். கோயிலச் சுத்தி 1 கிலோமீட்டருக்கு 9 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு விதி இருக்குறதால இன்னும் மறைக்காம இருக்கு. மறைக்காம இருக்குன்னா, கட்டடம் மறைக்கல, ஃப்ளெக்ஸ் மறைக்கும்.

ஆகஸ்ட் 26

இங்கிலாந்துல இருக்குற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டப் படத்தப் பத்தி ஒரு ஆசிரியர் கேட்டாங்க, "இந்த மாதிரி மேல இருந்து எடுத்தா கீழடில இன்னும் எங்க என்ன இருக்குன்னு தெரியுமா".

1906ல ஷார்ப்னு ஒரு ராணுவ லெஃப்டினன்ட் பலூன்ல இருந்து அந்தக் கல்லு வட்டத்த எடுத்தாரு. சுத்தி மண்ணுல நெறம் மாறித் தெரியுற கோடுங்கள அதுக்கப்புறம் ஆளுங்க கவனிக்க ஆரம்பிச்சாங்க. முதல் உலகப் போர்ல விமானத்துல இருந்து பதுங்குகுழி படம் பாத்துப் பழகுன க்ராஃபோர்டுன்னு ஒருத்தர் பின்னாடி அத ஒரு முறையாவே ஆக்குனாரு. தத்துவம் சாதாரணம்: மண்ணுக்கடியில செவுரு இருந்தா மேல பயிருக்கு வேரு எறங்காது, கோடையில அந்த வரிசை மட்டும் முன்னாடியே பழுக்கும். பழைய பள்ளம் தூர்ந்து கிடந்தா ஈரம் நிக்கும், அங்க பயிரு உசந்து பச்சையா இருக்கும். வரப்புல நின்னா தெரியாது, மேல இருந்து கோடு போட்ட மாதிரி தெரியும்.

கீழடில பள்ளிச்சந்தைத் திடல் பூராம் தென்னந்தோப்பு டீச்சர். மட்டைதான் தெரியும். கோதுமை மாதிரி நெருக்கமா ஒரே சீரா வெளைஞ்ச எடத்துலதான் இது நல்லா வேலை செய்யும். வைகை ஓரமா வயக்காட்டுப் பக்கம் அறுப்புக்கு முன்னாடி, சாயங்காலம் வெயில் சாஞ்ச நேரத்துல பறந்து பாத்தா ஏதாச்சும் கிடைக்கலாம், அனுமதியோட.

ஆகஸ்ட் 28

மேலூர் நண்பர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிருக்காரு. கீழவளவு பக்கம் கிரானைட் குவாரி, சேட்டிலைட் மேப்புல பாத்தா பள்ளம் எல்லாம் மேடா, படி வெட்டுன கோயில் மாதிரி எழும்பி நிக்குதாம், "மேப்புக்காரன் தப்பாப் போட்டுட்டானா".

போடல. இது வான்படம் படிக்கிறவங்களுக்கு மொதப் பாடம். வெளிச்சம் மேல இருந்துதான் விழும்னு நம்ம மூளைக்குப் பழக்கம். மேப்புல வடக்கு மேல இருக்கு, படம் எடுக்குறது பெரும்பாலும் முற்பகல், நம்ம ஊர்ல வருசத்துல பாதிக்கு மேல சூரியன் தெற்குச் சாய்வு, அப்ப வெளிச்சம் படத்தோட அடியில இருந்து வருது. மூளை அத ஒத்துக்காது, பள்ளத்த மேடாக்கிரும். போனத் தலைகீழாத் திருப்புங்க, நிழல் உங்க பக்கம் விழுற மாதிரி. டக்குன்னு உள்ள விழும் பாருங்க. நான் வண்டியூர் தெப்பக்குளத்துல செஞ்சு பாத்தேன், தண்ணி இருந்தா வராது, வத்துன காலத்துப் படத்துல படி இறங்குறதும் ஏறுறதும் மாறி மாறி வரும்.

கண்காட்சில பின்னாடி மேஜையில ஸ்டீரியோஸ்கோப் ஒண்ணு வச்சிருக்காங்களே, அதுவும் இந்தக் குழப்பத்த தீக்கத்தான். ஒரே எடத்த கொஞ்சம் தள்ளித் தள்ளி ரெண்டு படமா எடுத்து, இடது கண்ணுக்கு ஒண்ணு வலது கண்ணுக்கு ஒண்ணு. போர்க்காலத்துல பீரங்கி எங்க இருக்கு, வெறும் பெயின்ட் அடிச்ச அட்டை எதுன்னு இதுலதான் பிரிச்சாங்க. சின்னப் பசங்க கூட்டம் அங்கதான் அடிச்சுக்கிட்டு நிக்குது. பையனக் கூட்டிட்டுப் போனவரு அதக் காட்டுனீங்களான்னு தெரியல, காட்டலன்னா அதுக்காகவாச்சும் இன்னொரு தடவ போங்க, பஸ் காசு நான் தர்றேன்.

ஆகஸ்ட் 30

அட்டைய மாத்திட்டாங்க. 1858ல நடுவுல இருந்த 5அ பேனாவால 6 ஆக்கிருக்காங்க. "உலகின் முதல் வான்படம்" அப்பிடியே இருக்கு.

செப்டம்பர் 1

நேத்து சித்தப்பாவையே கூட்டிட்டுப் போனேன். நாடார், பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ எதுவும் அவரு கண்ணுல படல, நேரா புறா செவுத்துக்குப் போயிட்டாரு. கேமரா மாட்டுன புறாவ வரிசையா நிக்க வச்சு எடுத்த படம் இருக்குல்ல, அதுல ஒவ்வொண்ணா நெஞ்சு, கழுத்து, அலகு எல்லாம் பாத்துட்டு, "நல்ல சாதிதான்டா, நெஞ்சு அகலம், ஆனா இந்த வார் றெக்கை அடியில ஒரசும், பழக்காம மாட்டுனா அன்னைக்கே தோல் வழண்டுரும், மொதல்ல வெறும் வாரு, அப்புறம் அட்டப்பெட்டி, அப்புறந்தான் கேமரா ஏத்திருப்பான்" ன்னு ஒரு பாடமே எடுத்தாரு. பக்கத்துல நின்ன காலேஜ் பசங்க நாலு பேரு செல்போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டாங்க. அங்க இருந்த பொண்ணு மறுபடியும் நோட்ட எடுத்துருச்சு.

வெளிய வந்து ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்துட்டு மெதுவாக் கேட்டேன், இப்பல்லாம் 20 கிராம்ல கேமரா கிடைக்குது சித்தப்பா, உங்க ஹோமர் ஒண்ணு குடுத்தீங்கன்னா திருமங்கலத்துல இருந்து விட்டுப் பாக்கலாமேன்னு.

"உன் ஹெலிகேம எனக்குக் குடு, அது கால்ல ஒரு வளையத்தப் போட்டு திருமங்கலத்துல விடுறேன், தானா செல்லூருக்கு வந்து சேருதான்னு பாப்போம்" ன்னாரு.